நின்ற வண்டி குடித்த தண்ணீர்

அப்துல் ஜலீல் வீட்டில் போன வெள்ளிக்கிழமை மூண்ட சண்டை, செவ்வாய்க்கிழமை காலையில் வண்டி ஏறி நீடாமங்கலத்துக்குப் புறப்பட்டுவிட்டது.

முன்சீட்டில் ஜலீல். ஓட்டுகிறவன் அவர் தம்பி ஃபாஜில். பின்சீட்டில் ஜலீலின் மனைவி ஆசியா. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்று எழுதினால் போதாது. திருத்துறைப்பூண்டியில் கடித்த பல்லை மன்னார்குடி தாண்டியும் அவள் விடவில்லை.

அத்தனைக்கும் காரணம் ஒரு ரேடியேட்டர்.

குவைத்தில் வேலை பார்க்கும் ஜலீல், சென்ற விடுமுறையில் ஆசைப்பட்டு வாங்கிய வண்டி இது. யாரோ ஓட்டித் தேய்த்த பழைய வண்டிதான். ஆனால் பெரிய வண்டி. குடும்பமே ஏறலாம், தெருவில் நிறுத்தினால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். விடுமுறை முடிந்து அவர் விமானம் ஏறியதும், ஊர்க்கோடியில் மூடிக்கிடக்கும் ரைஸ்மில் கொட்டகையில் வண்டியை விட்டுத் தார்ப்பாயால் மூடினார்கள். வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து வைப்பது ஃபாஜில் பொறுப்பு. வெள்ளிக்கிழமைதோறும் ரேடியேட்டரில் தண்ணீர் பார்த்து, குறைந்ததை நிரப்புவது ஆசியா பொறுப்பு.

ஜலீல் இந்த வைகாசியில் திரும்பி வந்து, போன வெள்ளிக்கிழமை எல்லாரையும் ஏற்றிக்கொண்டு தரங்கம்பாடிக் கடற்கரைக்குக் கிளம்பினால், பாதி வழியில் வண்டி கொதித்து நின்றது. பிரியாணி தேக்சாவும் பிள்ளைகளுமாக மொத்தக் குடும்பமும் நடுரோட்டில். அப்போதுதான் மாமியார் மெஹராஜ் பேகம் அந்த வார்த்தையைச் சொன்னார்.

“ஒரு வண்டிக்கு ஒழுங்காத் தண்ணி ஊத்தத் தெரியல. இவ நின்னு வீடு கட்டப் போறாளாம்.”

அந்த ஒரு வார்த்தையில் ஆசியாவின் வீடு இடிந்தது. அதுவும் இன்னும் கட்டாத வீடு.

நீடாமங்கலத்தில் புருஷன் பெண்டாட்டி இருவர் பெயரிலும் ஒரு மனை இருக்கிறது. ஜலீலின் சம்பாத்தியமும் ஆசியாவின் வளையல்களும் சேர்ந்து வாங்கியது. மகள் ரிஃப்கா தஞ்சாவூரில் கல்லூரிக்குப் போகிறாள். ரயிலடி பக்கத்தில் இருந்தால் விடுதியில் கிடக்காமல் வீட்டிலிருந்தே போய் வரலாம். அங்கே வீடு கட்ட வேண்டும், கொத்தனாரோடும் கம்பிக்காரரோடும் தானே நின்று கட்ட வேண்டும் என்பது ஆசியாவின் ஆசை. ஜலீலும் சரி என்றுதான் சொல்லியிருந்தார். ரேடியேட்டர் கொதித்த மறுநாள் அந்தச் சரி காணாமல் போயிற்று. இப்போது மனையின் மொத்த அதிகாரத்தையும் ஃபாஜில் பெயரில் பவர் எழுதிக் கொடுக்கத்தான் மூன்று பேரும் ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். பாதி மனை ஆசியாவுடையது என்பதால் அவள் கையெழுத்து இல்லாமல் காரியம் ஆகாது.

“பொம்பளை எதுக்கு ஆபீஸ் ஆபீஸா அலையணும்? ஃபாஜில் பாத்துக்குவான்,” என்று மூன்று நாளாக ஜலீல் சொல்லிக்கொண்டே இருந்தார்.

“என்னால பாக்க முடியாதுன்னு யாரு சொன்னது?” என்று மூன்று நாளாக ஆசியாவும் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

“அதான் பாத்தோமே,” என்பார் ஜலீல். அதற்கு மேல் அவளால் பேச முடியாது. நடுரோட்டில் ஆவி கக்கிக்கொண்டு நின்ற வண்டியை ஊரே பார்த்திருந்தது.

கடைசியில் அவள் ஒத்துக்கொண்டாள். மனசார இல்லை. தன் கையாலாகாத்தனம் உண்மைதானோ என்கிற பயத்தில் ஒத்துக்கொண்டாள். அந்தப் பயம்தான் அவளை எல்லாவற்றையும்விட எரித்தது.

ஏசி போட்டால் இன்ஜினுக்குப் பாரம் என்று ஃபாஜில் கண்ணாடியை இறக்கிவிட்டிருந்தான். அனல் அடித்தது. இரண்டு பக்கமும் வயல்கள் வெடித்துக் கிடந்தன. மேட்டூர் திறந்து தண்ணீர் வந்து சேர இன்னும் நாள் இருந்தது.

நீடாமங்கலத்துக்குள் நுழையும்போது, நினைத்ததுபோலவே ரயில்வே கேட் மூடியிருந்தது. முன்னால் இரண்டு பஸ், ஒரு நெல் லாரி. பின்னால் சேர்ந்துகொண்டே போனது வரிசை.

“ஹீட் முள்ளப் பாரு ஃபாஜிலு,” என்றார் ஜலீல்.

“பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன் காக்கா.” அண்ணனை அவன் காக்கா என்றுதான் கூப்பிடுவான்.

“பாத்து என்ன செய்யிறே? ஆஃப் பண்ணு.”

ஆஃப் செய்வதற்குள் பானெட் இடுக்கிலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பிவிட்டது. உள்ளே பானை பொங்குகிற சத்தம். அந்த நேரம் பார்த்து ரயிலும் போனது, கேட்டும் திறந்தது. பின்னால் நின்ற அத்தனை பேரும் ஒரே சமயத்தில் ஹாரன் அடிக்க ஆரம்பித்தார்கள்.

“வண்டிய எடுய்யா. ஓட்டத் தெரியலன்னா வீட்ல வச்சுப் பூட்டிக்க வேண்டியதுதானே?” என்று ஒரு பஸ் டிரைவர் தலையை நீட்டிக் கத்திவிட்டுப் போனார்.

நாலு பேர் சேர்ந்து வண்டியைக் கேட்டுக்கு இந்தப் பக்கமே ஓரமாகத் தள்ளினார்கள். ஜலீலின் வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஃபாஜில் பானெட்டைத் தூக்கி நிறுத்தி, ஆவி அடங்கியதும் துணியைச் சுற்றி மூடியைத் திறந்தான்.

“தண்ணியே இல்ல காக்கா. வத்திக் கெடக்கு.” சொல்லிவிட்டு ஆசியாவைப் பார்த்தான்.

ஜலீலும் பார்த்தார். அண்ணனும் தம்பியும் பேசிவைத்துக்கொண்டதுபோல ஒரே பார்வை. ஆசியாவுக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது.

“என்னை எதுக்குப் பாக்குறீங்க? காலையில தண்ணி ஊத்தினது நானில்ல. என்னைக் கிட்டவே சேக்கல. ஃபாஜிலுதான் ஊத்தினான். நீங்க பக்கத்துல நின்னு பாத்தீங்க.”

“இப்ப ஊத்தி என்ன மச்சி பிரயோசனம்?” என்றான் ஃபாஜில். அண்ணன் மனைவி அவனுக்கு மச்சி. “அத்தன நாளு சரியாப் பாக்காததுல உள்ள கெட்டுப் போச்சு. ஒரு குடம் ஊத்தினா ஆபீஸ் வரைக்கும் போயிடலாம்.”

அவன் குடம் தேடிப் போனான். ஆசியா வண்டியின் நிழலில் நின்றாள்.

கோபத்திலும் ஒரு நன்மை உண்டு. சிலருக்கு அது கண்ணை மறைக்கும். ஆசியாவுக்கு அன்றைக்கு அது கண்ணைத் திறந்தது.

காலையில் வாய் வரைக்கும் ஊற்றிய தண்ணீர், நீடாமங்கலம் வருவதற்குள் தீர்ந்துவிட்டது. சரி. வண்டி ஓடியது, கொதித்தது, குடித்தது. ஆனால் கொட்டகையில் நின்றபோதும் இந்த வண்டி குடித்ததே. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு ஆண்கள் போனபின், அவள் மில்லுக்குப் போய்க் கைப்பம்பை அடித்து, வாளியைத் தூக்கிவந்து ஊற்றியிருக்கிறாள். சில வாரம் அரை வாளி. சில வாரம் முழு வாளி. உப்புத் தண்ணீராயிற்றே என்று கேட்டதற்கு, அதுவே போதும் என்று குவைத்திலிருந்து ஜலீல்தான் சொன்னார். நிற்கிற வண்டிக்கு ஏன் இவ்வளவு தண்ணீர் என்று ஒருமுறை ஃபாஜிலிடமும் கேட்டாள்.

‘வெயிலுக்கு ஆவியாப் போயிடும் மச்சி’ என்றான் அவன்.

அவன் அதைச் சொன்னது தை மாதம். துவைத்துப் போட்ட துணி சாயங்காலம் வரைக்கும் ஈரம் காயாத பனி. அந்தப் பனியில் எந்த வெயில் வந்து மூடி போட்ட ரேடியேட்டருக்குள் புகுந்து தண்ணீரைக் குடித்துவிட்டுப் போயிற்று?

முழுப் பூசணிக்காயை அவள் கையாலேயே சோற்றில் மறைக்க வைத்திருக்கிறான் ஃபாஜில். அவளும் வாராவாரம் வாளியோடு போய் மறைத்துவிட்டு வந்திருக்கிறாள்.

ஃபாஜில் குடத்தோடு வந்தான்.

“ஃபாஜிலு, ஊத்தாத,” என்றாள் ஆசியா. “ஒண்ணு கேக்கணும். நின்ன வண்டி எப்படித் தண்ணி குடிச்சுச்சு?”

“என்ன மச்சி கேக்குறீங்க? எங்கயாச்சும் ஒழுகியிருக்கும்.”

“ஒழுகினாத் தரை நனையணும். கொட்டகை மண்தரை. நான் ஒரு நாளு ஈரம் பாத்ததில்ல.”

“அப்ப ஆவியாப் போயிருக்கும்.”

“தை மாசத்துலயா?”

ஃபாஜில் குடத்தை மறு கைக்கு மாற்றிக்கொண்டான். ஜலீல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“ஆசியா, நடுரோட்டுல வச்சுக் கோர்ட்டு நடத்தாத. நேரமாகுது. தண்ணிய ஊத்து ஃபாஜிலு.”

“ஊத்தக் கூடாது,” என்றாள் ஆசியா. “அங்க ஒரு மெக்கானிக் கடை தெரியுது. அங்க தள்ளுங்க. ரேடியேட்டரக் கழட்டிப் பாக்கட்டும்.”

“கழட்டினா ரெண்டு மணி நேரம் ஆவும். ஆபீசு?”

“நான் வந்தாத்தானே ஆபீசு? என் கையெழுத்து வேணும்னாக் கழட்டட்டும்.”

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் இப்படிப் பேசி ஜலீல் கேட்டதில்லை. அவருக்கு முகம் சிவந்துவிட்டது. ரோட்டில் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அதனால்தான் அவர் வாயைத் திறக்கவில்லை, மரியாதையால் அல்ல.

மெக்கானிக் சதீஷின் தகரக் கொட்டகை கேட்டுக்கு ஒட்டியே இருந்தது. அவன் பேச்சில் பெரிய ஆள். வண்டி வந்து நிற்பதற்குள் ஆரம்பித்துவிட்டான்.

“வாங்க வாங்க. கேட்டு மூடினா என் கடை தொறக்கும் சார். ரோட்டுல ஜம்முனு வர்ற வண்டியெல்லாம் இங்க நின்னாத்தான் வண்டவாளம் தெரியும். மேல ஒரு பாலம் கட்டிட்டாங்கன்னா நான் கடைய மூடிக்கிட்டுத் திருப்பூருக்குத்தான் போவணும்.”

“தண்ணி ஊத்தினாப் போதும்னு நினைக்கிறேன்,” என்றான் ஃபாஜில் அவசரமாக.

“கழட்டிப் பாருங்க,” என்றாள் ஆசியா.

சதீஷ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்கும் வீட்டில் பெண்டாட்டி இருக்கிறாள். யார் சொல்வதைக் கேட்டால் வம்பு குறைவு என்று தெரிந்தவன். ஸ்பேனரை எடுத்தான்.

முன்பக்கத்து கிரில்லைக் கழற்றியபோது எல்லாம் சுத்தமாகத்தான் தெரிந்தது. ஏசித் தகடு பளபளவென்று இருந்தது. யாரோ தண்ணீர் அடித்துக் கழுவியிருக்கிறார்கள். ஜலீல் ஆசியாவை ஒரு பார்வை பார்த்தார். திருப்தியா என்று கேட்கிற பார்வை. அவள் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

ஹோஸைக் கழற்றி மிச்சத் தண்ணீரை வடித்துவிட்டு, ரேடியேட்டரை அசைத்து அசைத்து மேலே தூக்கினான் சதீஷ். தூக்கியவன் அப்படியே தரையில் சாய்த்து வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்தான்.

“என்ன சார் இது, வண்டியா வைக்கோல் போரா?”

ஏசித் தகட்டுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே, வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், மெத்தை தைத்த மாதிரி அடைந்து கிடந்தது. பதர். வைக்கோல் தூசு. நெல்லுச் சுணை. சதீஷ் ஸ்க்ரூடிரைவரால் ஒரு ஓரத்தைக் கிளப்பினான். அப்பளம்போலப் பெயர்ந்து வந்தது. காற்றுப் போக ஊசி முனை இடம் இல்லை.

“உள்ள கொஞ்சம் உப்புப் படிஞ்சிருக்கு, அதக் கழுவிடலாம். கொதிக்கிறது அதால இல்ல. காத்தே போவலன்னா எப்படி ஆறும்? இது அறுவடை மிஷின் பின்னாடி ஓடின வண்டி. சீசன்ல மிஷின் ஏஜெண்ட் வண்டியெல்லாம் இப்படித்தான் வரும். டீசல் கேனு, மிஷின் ஓட்டுற ஆளுங்கன்னு ஏத்திக்கிட்டு வயலுக்கு வயல் பறப்பாங்க. வயல் தூசியப் பூரா இது மூக்கால இழுத்துக்கும். அப்புறம் கொதிக்கும், தண்ணிய வெளிய கக்கும், சும்மா ஊத்திக்கிட்டே இருப்பாங்க.” அவன் ஃபாஜிலைப் பார்த்துச் சிரித்தான். “வெளிய கழுவினீங்க. நடுவுல கழுவ மறந்துட்டீங்க.”

“மீட்டர்ல கிலோமீட்டரு ஏறவே இல்லயே,” என்றாள் ஆசியா.

“கேபிள உருவிட்டு ஓட்டினா எப்படிக்கா ஏறும்?”

போன தையில் ஃபாஜில் அறுவடை மிஷின் ஏஜெண்ட் வேலை பார்த்தான். வீட்டில் எல்லாருக்கும் தெரியும். சேலத்துப் பக்கத்திலிருந்து வந்த மிஷின்களை ஊர் ஊராகக் கூட்டிப்போய் அறுக்கவிட்டான். யாரோ நண்பனின் வண்டியில் அலைகிறேன் என்று சொல்லியிருந்தான். சனிக்கிழமை எடுத்து, வியாழக்கிழமை இரவு கழுவிக் கொண்டுவந்து தார்ப்பாயைப் போட்டு மூடினால், வெள்ளிக்கிழமை வாளியோடு வருகிறவளுக்கு என்ன தெரியும்?

ஆசியா ஃபாஜிலைத் திட்டவில்லை. அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். அவர் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும். அவருக்கு ஆத்திரம் வர வேண்டும், தம்பியைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்க வேண்டும். அவளை இந்த நாலு நாளாகப் பேசிய பேச்சுக்கு, ஒரு நொடியாவது அவர் கண் தாழ வேண்டும். பழி ஓரிடம் பாவம் ஓரிடமாக நின்றவளுக்கு அது போதும்.

ஜலீல் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. அவர் போனை எடுத்து மணி பார்த்தார். கையில் கடிகாரம் கட்டியிருக்கிறவர் போனில் எதற்கு மணி பார்க்கிறார்?

ஆசியா அவருக்கு எதிரே வந்து நின்றாள்.

“உங்களுக்குத் தெரியுமா?” என்றாள்.

“என்ன தெரியுமா?”

“ஃபாஜிலு வண்டிய ஓட்டினது.”

ஜலீல் தொண்டையைச் செருமினார். “சரி, ஓட்டினான். அதனால என்ன இப்போ? என் தம்பி, என் வண்டி. நான்தான் எடுத்துக்கச் சொன்னேன். சும்மா கெடந்தான், ஒரு பொழப்பு ஆவட்டுமேன்னு சொன்னேன்.”

“காக்கா சொல்லித்தான் மச்சி எடுத்தேன். நானா எடுக்கல,” என்றான் ஃபாஜில். தப்பித்துக்கொண்ட நிம்மதி அவன் குரலில் தெரிந்தது.

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா நீ வேணாம்பே. உம்மாவும் சொல்ல வேணாம்னாங்க. வீட்ல வீணா ஒரு சண்டை எதுக்குன்னு...”

மாமிக்கும் தெரியும். பிரியாணி தேக்சாவுக்குப் பக்கத்தில் நின்று, தண்ணி ஊத்தத் தெரியல என்று சொன்ன அந்த வாய்க்கும் தெரியும். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக இருந்தது. அழுகை வருகிறதா என்று பார்த்தாள் ஆசியா. இல்லை. சுத்தமான கோபம்.

“ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நான் வீடியோ கால் போட்டுக் காட்டினேன். வாளியக் காட்டினேன், ஊத்துறதக் காட்டினேன். நீங்க அங்க உக்காந்து பாத்தீங்க. மாஷா அல்லாஹ், இப்படித்தான் பொறுப்பா இருக்கணும்னு சொன்னீங்க.”

“ஆமா, சொன்னேன். நல்லாத்தானே சொன்னேன்?”

“ஓடுற வண்டின்னு தெரிஞ்சுக்கிட்டே, நிக்கிற வண்டின்னு சொல்லி எங்கிட்டத் தண்ணி ஊத்த வச்சீங்க.”

“ஆசியா, அவன் அலையிறவன், மறந்துடுவான். நீன்னாப் பொறுப்பா ஊத்துவே. அதனாலதான் உங்கிட்டச் சொன்னேன். உன்னை நம்பித்தானே சொன்னேன்?”

பாராட்டுகிறாராம். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. மனுஷன் ரகசியத்தை மறைத்ததைக்கூட ஆசியா ஒரு நாள் பொறுத்துக்கொண்டிருப்பாள். இந்தப் பாராட்டைப் பொறுக்க முடியவில்லை.

சதீஷ் மெதுவாக ஸ்பேனரைக் கீழே வைத்தான். “நான் ஒரு டீ சாப்ட்டு வந்துடுறேன் சார்,” என்று யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போனான்.

“தண்ணி ஊத்துற வரைக்கும் நான் பொறுப்பானவ,” என்றாள் ஆசியா. குரல் உயரவில்லை. “வீடு கட்டணும்னு கேட்டாப் பொறுப்பில்லாதவ. அப்படித்தானே? அன்னைக்கு ரோட்டுல வச்சு மாமி அவ்வளவு பேசினாங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இல்ல உம்மா, வண்டிய ஓட்டினது நம்ம புள்ளதான்னு. ஒரு வார்த்தை. அதச் சொல்லாம, அதையே புடிச்சுக்கிட்டு எங்கிட்டயிருந்து மனையப் புடுங்குறீங்க.”

“புடுங்குறதா? என்ன பேச்சு இது? மனை எங்க ஓடிப் போவுது? ஃபாஜிலு வேற யாரோவா?”

“எனக்கு இன்னைக்கு நீங்களே வேற யாரோதான்.”

ஜலீல் கையை ஓங்கவில்லை, அப்படிப்பட்டவர் அல்ல. ஆனால் இரண்டடி முன்னால் வந்தார். “வா, வந்து கையெழுத்தப் போடு. மத்ததெல்லாம் வீட்ல போய்ப் பேசிக்கலாம். வண்டி ரெடியாவுறதுக்குள்ள ஆட்டோவுல போயிட்டு வந்துடலாம்.”

“நீங்க ஆட்டோவுல வாங்க. எனக்குக் கால் இருக்கு.”

அவள் கைப்பையைத் தோளில் மாட்டினாள். துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு, திறந்திருந்த கேட்டைத் தாண்டி நடக்க ஆரம்பித்தாள். பின்னால் ஜலீல் கூப்பிட்டார். திரும்பவில்லை. கூப்பிட்டுக்கொண்டே ரோட்டில் ஓடிவந்தால் ஊர் சிரிக்கும் என்று அவர் வரமாட்டார். அவளுக்குத் தெரியும். அந்த மரியாதைப் பயம் அன்றைக்கு ஒரு நாள் அவளுக்கு உதவியது.

ரிஜிஸ்டர் ஆபீஸ் பக்கத்தில் வரிசையாகப் பத்திரம் எழுதுகிற கடைகள். அதில் ஒன்று பஞ்சநதத்துடையது. பவர் எழுதுவது அவர்தான். மனை வாங்கியபோது ஒருமுறை ஆசியா இங்கே வந்திருக்கிறாள்.

வெயிலில் நடந்து வந்ததில் அவளுக்கு மூச்சு வாங்கியது. சொல்ல வேண்டியது மட்டும் மனசில் தெளிவாக இருந்தது. பவர் வேண்டாம். கையெழுத்துப் போட மாட்டேன். இவ்வளவுதான். இதைத் தன் வாயால், தனியாக, புருஷன் பக்கத்தில் நின்று முறைக்காத நேரத்தில் சொல்லிவிட வேண்டும்.

“வாங்கம்மா வாங்க,” என்று எழுந்தார் பஞ்சநதம். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “என்ன தனியா வந்துட்டீங்க? சார் எங்க?”

“வருவாங்க. நான் ஒரு விஷயம் சொல்லணும்.”

“சொல்லலாம்மா, முதல்ல உக்காருங்க. ஃபேனுக்கு நேரா உக்காருங்க. பவரு முடிஞ்ச கையோட அக்ரிமெண்டையும் இன்னைக்கே போட்டுடலாம்னு உங்க வீட்லேருந்து சொல்லிட்டாங்க. அவங்களும் காலையிலேருந்து காத்திருக்காங்க.”

“யாரு?”

பஞ்சநதம் சுவரோரமாக இருந்த பெஞ்சைக் காட்டினார். ஐம்பது வயசு மதிக்கத்தக்க ஒருவரும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மாள் ஆசியாவைப் பார்த்துச் சிரித்து, தன் பையை மடிக்கு எடுத்துக்கொண்டு இடம் விட்டார்.

“வாங்க, இப்படி உக்காருங்க. வேர்த்து விறுவிறுத்து வர்றீங்களே. என் பேரு மங்களாம்பிகை. பக்கத்துல ஒளிமதிதான் எங்க ஊரு.”

ஆசியா உட்கார்ந்தாள்.

“எந்த மனைம்மா வாங்குறீங்க?” என்று கேட்டாள்.

“ஸ்டேஷனுக்குப் பின்னால, கிழக்குப் பாத்த மனை. மூலையில ஒரு புங்கங்கன்னு நிக்குது பாருங்க, அதான். எனக்கு அந்த மரம் இருந்தாத் தேவலை. இவருதான் வெட்டிட்டு அங்க போர் போடணுங்குறாரு.”

போன வருஷம் அந்தப் புங்கங்கன்றை வைத்துத் தண்ணீர் ஊற்றியவள் ஆசியா. அதை அவள் சொல்லவில்லை.

“வெட்ட வேணாம்மா,” என்றாள். “அந்த மனை விக்கிறதுக்கு இல்ல.”

மங்களாம்பிகையின் சிரிப்பு பாதியில் நின்றது. அவர் கணவர் பெஞ்சிலிருந்து எழுந்தார்.

“நீங்க யாரும்மா?”

“மனையில பாதி என்னோடது.”

பஞ்சநதம் கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். அவருக்கு ஏதோ புரிய ஆரம்பித்திருந்தது.

“என்னம்மா இது, அட்வான்ஸ் குடுத்தாச்சே,” என்றார் அந்த மனிதர். கோபம் அவருக்கும் வந்துவிட்டது. அதில் நியாயமும் இருந்தது. “நான்தான் அப்துல் ஜலீலு, குவைத்துலேருந்து பேசுறேன்னு போன் வந்துச்சே. ஒரு தடவைக்கு மூணு தடவை பேசினோமே. எங்க வீட்ல முழுச் சம்மதம்னு அவரே சொன்னாரேம்மா.”

“நேர்ல பாத்திருக்கீங்களா அவங்கள?”

“இல்ல. தம்பியத்தான் பாத்தோம், அதுவும் அட்வான்ஸ் வாங்க வந்த ஒரு நிமிஷம். அண்ணன் போன்ல மட்டும்தான்.”

வண்டியை எடுத்துக்கொள் என்று குவைத்திலிருந்து சொன்ன குரல் ஒன்று. அண்ணன் பேரைச் சொல்லி எதையும் செய்யத் துணிந்த தம்பியின் குரல் ஒன்று. மனையை விற்றது எந்தக் குரல்? அவளுக்குத் தெரியவில்லை. இரண்டில் எதுவாக இருந்தாலும் அவள் சும்மா விடப்போவதில்லை. ஆனால் எது என்பதைப் பொறுத்துத்தான், இன்று இங்கிருந்து அவள் எந்த வீட்டுக்குப் போவாள் என்பது இருந்தது.

வெளியே ஆட்டோ ஒன்று வந்து நின்றது. ஜலீல் இறங்கினார். ஃபாஜில் சில்லறை தேடிக்கொண்டு நின்றான்.

ஆசியா எழுந்து அந்த மனிதருக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

“அய்யா, இந்தா வர்றாங்க ரெண்டு பேரு,” என்றாள் மெதுவாக. “நீங்க எதுவும் கேக்காதீங்க. அவங்களாப் பேசட்டும். போன்ல கேட்ட குரல் இதுல யாருதுன்னு மட்டும் எனக்குச் சொல்லுங்க.”